முந்நூறு சதுர மீட்டர்

என் கௌரி அக்காவுக்கு, உன் விஜி எழுதுகிறேன்.

நான் வீடு வாங்கிவிட்டேன் அக்கா. இந்த ஒரு வரியை எழுதுவதற்கு எனக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது. ஊரில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். அலுவலகத்தில் லட்டு கொடுத்தேன். உன்னிடம் சொல்லத்தான் பயம். ஏன் என்று உனக்குத் தெரியும். நீ ஒரு தடவைகூட என்னைக் குத்திக் காட்டியதில்லை என்பதுதான் அந்தப் பயத்தை இன்னும் பெரிதாக்குகிறது.

இதை வேறு சிலரும் படிக்கப்போகிறார்கள். அதனால் உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

போர்ட் பிளேரில், எடை அளவு அலுவலகத்தில் நாம் பதினெட்டு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் கிளார்க். நீ ஆய்வக உதவியாளர். கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிற பித்தளை எடைக்கற்களையும் மீட்டர் கோலையும் துடைத்து வைப்பது உன் வேலை. வெறுங்கையால் தொட மாட்டாய். "கை வேர்வை பட்டா எடை கூடிப்போகும் விஜி" என்று சொல்லி, மான் தோல் துணியைச் சுற்றித்தான் எடுப்பாய். சந்தைக் கடைக்காரர்கள் தராசைத் தூக்கிக்கொண்டு முத்திரை போட வருவார்கள். வரிசையில் நிற்கும்போது அவர்களுக்குக் கதை சொல்வது நீயேதான் உனக்குக் கொடுத்துக்கொண்ட வேலை.

மீட்டர் எங்கிருந்து வந்தது என்று சொல்வாயே. அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு படி, ஊருக்கு ஒரு முழம். அரசன் மாறினால் கோலும் மாறும். நெட்டையான ஆள் அளந்தால் துணி கூடும், குட்டையான ஆள் அளந்தால் குறையும். எல்லோருக்கும் பொதுவாக ஒரு அளவு வேண்டும் என்று பிரான்ஸ் நாட்டில் முடிவு செய்தார்கள். வட துருவத்திலிருந்து பூமத்திய ரேகை வரைக்கும் உள்ள தூரத்தை ஒரு கோடிப் பங்காகப் பிரித்து, அதில் ஒரு பங்கை மீட்டர் என்றார்கள். பிறகு அதை உலோகக் கம்பியில் குறித்து வைத்தார்கள். இப்போது கம்பியும் இல்லை, வெளிச்சம் ஓடுகிற வேகத்தை வைத்துத்தான் கணக்கு. இதையெல்லாம் நீ சொல்லி முடிப்பதற்குள் வரிசை நகர்ந்திருக்கும்.

ஒரு நாள் அந்தக் கதையை நடுவில் நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "பூமியை அளந்துதான மீட்டர் செஞ்சாங்க? கச்சால்ல பூமியே கீழ எறங்கிப்போச்சே. அத எங்க போயி முத்திர போடுறது?" என்று கேட்டாய். சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நிக்கோபாரில் கச்சால் தீவு. இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்களை ரப்பர் தோட்டத்தில் குடிவைத்த இடம். உன் அம்மா இலங்கையில் தேயிலைக் கொழுந்தை றாத்தலில் நிறுத்துப் பழகியவர். கச்சாலில் ரப்பர் பாலைக் கிலோவில் நிறுத்தபோது, ஒவ்வொரு நாளும் அதை றாத்தலாக மாற்றிச் சொல்லச் சொல்லி உன்னைக் கேட்பாராம். அப்படித்தான் உனக்கு அளவுமேல் ஆசை வந்தது என்பாய். சுனாமியில் உன் வீட்டுக்காரர் போனார். வீடு போனது. வீடு இருந்த இடத்தில் இப்போது கடல் நிற்கிறது. அந்த மண்ணுக்கு உன் பெயரில் காகிதம் மட்டும் உன்னிடம் இருந்தது.

அப்படிப்பட்ட நீதான், எட்டு வருஷத்துக்கு முன்னால், "எனக்கு ஒரு வீடு வேணும்" என்று சொன்னாய்.

ஷாதிபூரில் ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. மாடி போர்ஷன். வங்கி முக்கால்வாசிக்கு மேல் கடன் தரும், நாலு லட்சம் நீ கையிலிருந்து போட வேண்டும். உன்னிடம் நாலு லட்சம் இருந்தது. துணைக்கு என்னை வங்கிக்குக் கூட்டிப்போனாய். அந்தக் கட்டுக்கட்டான காகிதத்தைப் படித்தவள் நான். தவணை தவறினால் வீட்டை வங்கி எடுத்துக்கொள்ளும் என்ற வரியில் என் விரல் நின்றுவிட்டது. வெளியே வந்ததும் உன் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"வேணாம்க்கா. கையில இருக்குறத மொத்தமா குடுத்துட்டு, நாளைக்கு ஒரு காய்ச்சல் தலைவலின்னா என்ன பண்ணுவ? திரும்பவும் பூமி ஆடிச்சுன்னா?"

நீ கொஞ்ச நேரம் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு, "சரி விஜி. நீ சொன்னா சரி" என்றாய்.

அவ்வளவுதான். அந்த போர்ஷனை வேறு யாரோ வாங்கினார்கள். இரண்டே வருஷத்தில் விலை எங்கேயோ போய்விட்டது. உன் நாலு லட்சம் அப்படியே நின்றது. முன்பணத்துக்குப் பக்கத்தில்கூட அது போக முடியவில்லை. நீ வாடகை அறையிலேயே இருந்தாய். வாடகை அறையிலேயே, ஒரு காலை அலுவலகத்துக்குக் கிளம்பும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய், எழுந்திருக்கவே இல்லை. மூன்றாம் நாள் அறையின் சொந்தக்காரர் வந்து, "வெள்ளையடிக்கணும், சாமானை எப்ப எடுக்குறீங்க?" என்று என்னிடம் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. உன்னை அந்த அறையில் வைத்தது அவர் இல்லையே.

அது எனக்குள் இருக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

என் கணவருக்குக் கப்பலில் என்ஜின் பிரிவில் வேலை என்பது உனக்குத் தெரியும். அடுத்த மாதம் ஓய்வு. ஓய்வு பெற்றால் சில மாதத்துக்குள் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். எனக்கு இன்னும் பத்து வருஷம் சர்வீஸ் இருக்கிறது. கடன் என் பெயரில்தான் கிடைக்கும். மெயின்லேண்டுக்குப் போய்விடலாம் என்றார் இவர். பூர்வீகமான ராமநாதபுரத்தில் நமக்கு யார் இருக்கிறார்கள்? நான் பிறந்தது இங்கே. பயம் எவ்வளவு இருந்தாலும் இதுதான் என் ஊர்.

காராச்சர்மா பக்கத்தில் ஒரு வீடு விலைக்கு வந்தது. விற்பவர் மண்டல் பாபு, வங்காளி. அறுபது வயதுக்கு மேல். வடக்கே திக்லிபூரில் தம்பியோடு போய் இருக்கப்போகிறார். ஓட்டு வீடு இல்லை, தளம் போட்ட வீடு. இரண்டு அறை. பின்பக்கம் சமையலறை, குளியலறை, பெரிய தண்ணீர்த் தொட்டி. ஒரு நாள் விட்டு ஒரு நாள் குழாய் வருகிற ஊரில் அந்தத் தொட்டியைப் பார்த்ததும் என் கண் அங்கேயே நின்றது.

"தீதி, பாஞ்ச் கட்டா. பூரா பாஞ்ச் கட்டா ஹை" என்றார் மண்டல் பாபு. முழுசாக ஐந்து கட்டா, வங்காளிகளின் நில அளவு. நான் மனசுக்குள் சென்டாக மாற்றிப் பார்த்தேன். எட்டே கால் சென்ட் வந்தது. விலை நாற்பத்தைந்து லட்சம். இன்னொருவரும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் என்றார். வாங்கப் பயந்த நானே இப்போது கைவிட்டுப்போகுமோ என்று பயந்தேன். மறுநாளே இரண்டு லட்சம் பயானா, அதுதான் முன்பணத்துக்கும் முன்னால் கொடுக்கிற அச்சாரம், கொடுத்துவிட்டேன்.

கடைக்காரர் தராசில் ஐந்து கிராம் குறைந்தால் நோட்டீஸ் எழுதுகிற கை இது, அக்கா. ஒரு டேப்பை எடுத்து அந்த மனையை நான் அளக்கவில்லை. பத்திரத்தைக்கூட முதல் பக்கம்தான் பார்த்தேன். நீ இருந்திருந்தால் விட்டிருப்பாயா?

வங்கியில் ஒரு திருநெல்வேலிப் பெண் அதிகாரியாக இருக்கிறாள். மாற்றலாகி வந்து ஒரு வருஷம்தான். பொறுமையாகப் பேசினாள். நான் ஒன்பது லட்சம் சேர்த்து வைத்திருந்தேன். நாற்பத்தைந்தில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்பதுதானே என்று நிம்மதியாக இருந்தேன்.

"மேடம், அப்படி இல்ல" என்றாள் அவள். "நீங்க என்ன விலைக்கு வாங்குறீங்கன்னு மட்டும் நாங்க பாக்க மாட்டோம். எங்க மதிப்பீட்டாளர் வந்து அந்த வீடு எவ்ளோ பெறும்னு சொல்லுவார். ரெண்டுல எது கம்மியோ, அதுலதான் எண்பது சதவீதம். மிச்சம் எல்லாம் நீங்கதான் போடணும். பத்திரச் செலவும் தனி. அதுக்குக் கடன் கிடையாது."

எட்டு வருஷத்துக்கு முன்னால் நாம் இரண்டு பேரும் உட்கார்ந்தபோது இப்படி யாரும் சொல்லவில்லை. அல்லது சொன்னார்களோ, என் காதில்தான் விழவில்லையோ.

மதிப்பீட்டாளர் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்தார். டேப் இல்லை. கையடக்கக் கருவி ஒன்று. சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது, எண் வருகிறது. வெளிச்சத்தால் அளக்கிறார் அக்கா. உன் ஞாபகம் வந்து, ஒரு நிமிஷம் சந்தோஷமாகவே நின்றிருந்தேன். அப்புறம் அவர் பத்திரத்தைப் பார்த்தார். மறுபடி அளந்தார். மறுபடி பத்திரத்தைப் பார்த்தார்.

"பேப்பர்ல முந்நூறு சதுர மீட்டர்தான் இருக்கு. இங்க வேலிக்குள்ள முந்நூத்தி முப்பத்தி நாலு வருது" என்றார் இந்தியில். "பின்னால இருக்கிற கிச்சன், பாத்ரூம், தொட்டி மூணும் சர்க்கார் நெலத்துல நிக்குது."

அரை கட்டா. நம் கணக்கில் முக்கால் சென்டுக்குக் கொஞ்சம் கூட. சமையலறையே இல்லாத வீட்டுக்கு நான் பயானா கொடுத்திருக்கிறேன்.

மதிப்பு முப்பத்தெட்டு லட்சம் என்று அறிக்கை வந்தது. ஆக்கிரமிப்பை இடித்தால்தான் கடன் என்றும் எழுதியிருந்தார். அந்தப் பெண் கணக்குப் போட்டுக் காட்டினாள். வங்கி தருவது முப்பது லட்சத்து நாற்பதாயிரம். நான் போட வேண்டியது பதினாலரை லட்சத்துக்கும் மேலே. என் ஒன்பது லட்சம் உன் நாலு லட்சத்தைப் போலவே ஆகிவிட்டது.

இவர் அப்போது கேம்ப்பெல் பே போகிற கப்பலில். நாலு நாளாக சிக்னல் இல்லை. யாரிடம் சொல்வேன்? குவார்ட்டர்ஸில் எல்லாச் சாமானையும் பார்த்தேன். இதையெல்லாம் எங்கே கொண்டுபோய் வைப்பேன்? வேண்டாம் என்று சொல்லிவிடலாம், இரண்டு லட்சம் போனால் போகட்டும் என்று தோன்றும். அடுத்த நிமிஷம், இந்த வயதில் வாடகைக்கு வீடு கேட்டு ஒவ்வொரு படியாக ஏறுவதை நினைப்பேன். இரண்டு பக்கமும் பயம். சோறு இறங்கவில்லை. நீ நின்றதுபோல நானும் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதற்குள் திக்லிபூர் போய்விட்டிருந்த மண்டல் பாபுவுக்கு போன் செய்தேன். கத்திவிட வேண்டும் என்றுதான் செய்தேன். "நீங்க என்னை ஏமாத்திட்டீங்க" என்று இந்தியில் சொன்னேன். "மே ஆதா ஹூ, தீதி" என்றார். வருகிறேன் என்று. மறுநாள் அதிகாலை பஸ்ஸைப் பிடித்து, திக்லிபூரிலிருந்து நாள் முழுக்க உட்கார்ந்து வந்து சேர்ந்தார்.

அடுத்த நாள் காலை அலுவலகத்திலிருந்து சோதித்த டேப் ஒன்றை அனுமதி வாங்கி எடுத்துப் போனேன். ஒரு முனையை அவர் பிடித்தார், ஒரு முனையை நான். நாலு பக்கமும் அளந்தோம். பத்திரத்தில் இருந்த நீளத்தைப் பின்பக்கம் பிடித்தபோது, டேப் சமையலறைச் சுவருக்கு இந்தப் பக்கமே முடிந்துவிட்டது. மண்டல் பாபு அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"எங்க அப்பா மூங்கிலால அளந்து வேலி போட்டார்" என்றார். "அஞ்சு கட்டான்னு சொன்னார். நான் அதையே சொன்னேன். காகிதத்துல மீட்டர்ல எழுதினப்போ அது எத்தனை கட்டான்னு நாங்க யாருமே போட்டுப் பாக்கல. எனக்கு மீட்டர் தெரியாது, தீதி."

நான் நம்பினேனா? பாதி நம்பினேன். பயானாவைத் திருப்பிக் கொடுங்கள் என்றேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வையை உனக்கு எப்படிச் சொல்வது? அந்த இரண்டு லட்சத்தை அவர் திக்லிபூரில் ஒரு பாக்குத் தோட்டத்துக்கு பயானாவாகக் கொடுத்துவிட்டார். நான் பின்வாங்கினால் அவரால் அங்கே மீதியைக் கட்ட முடியாது. அவர் கொடுத்த பயானா அங்கே முழுகும். நான் கொடுத்தது அவரிடம் முழுகும். டேப்பின் முனையை அவர் இன்னும் விடாமல் பிடித்திருந்தார். என் பக்கமும் அப்படித்தான்.

அந்த ஆளும் என்னை மாதிரியே பயந்துபோயிருக்கிறார் என்று தெரிந்ததும் எனக்குக் கத்த வரவில்லை. அவர் பக்கத்தில் ஒரு கல்லில் உட்கார்ந்தேன். வாயைத் திறந்தால், வேண்டாம், நான் வாங்கவில்லை என்ற வார்த்தைதான் வந்து நின்றது. அதை ஒருமுறை உன்னிடம் சொல்லியிருக்கிறேன் அல்லவா? நீ சரி என்றாய் அல்லவா? அந்த "சரி" என் காதில் கேட்டது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

பிறகு விலை பேசினேன். பேப்பரில் இருக்கிற நிலத்துக்கு மட்டும் விலை. நிற்கப்போகிற இரண்டு அறைக்கு மட்டும் விலை. இடிக்கிற செலவு அவருடையது. நாற்பத்தொன்றில் வந்து நின்றது. அப்போதும் நான் போட வேண்டியது பத்தரை லட்சத்துக்கு மேல். பத்திரச் செலவு வேறு. என் வளையல் நாலையும் கழற்றினேன். கப்பல் திரும்பியதும் இவர் எல்லாவற்றையும் கேட்டார். அப்புறம், "சமைக்க எடம் வேணாமா விஜயா?" என்றார். "முன்னறையில ஒரு ஓரத்துல சமைப்போம்" என்றேன். தன் சேமிப்பில் இருந்ததை எடுத்துக் கொடுத்தார்.

மண்டல் பாபு தன் தம்பியை வரவழைத்து, இரண்டு நாளில் சமையலறை, குளியலறை, தொட்டி மூன்றையும் இடித்தார். கூலிக்கு ஆள் வைக்கவில்லை. உடையாத செங்கலை எல்லாம் சுத்தம் செய்து, எனக்கு உபயோகமாகும் என்று வேலி ஓரமாக அடுக்கிவிட்டுப் போனார். நான் கேட்கவே இல்லை.

பதிவு முடிந்தது. ரிஜிஸ்ட்ரார் அலுவலகத்தில் "கித்னா ஏரியா?", பரப்பு எவ்வளவு என்று கேட்டார்கள். இவர் திரும்பிப் பார்த்தார். "தீன் சௌ ஸ்கொயர் மீட்டர்", முந்நூறு சதுர மீட்டர் என்று நானேதான் சொன்னேன்.

எல்லாம் நல்லபடியாக முடிந்ததாக எழுதிவிட்டேன். பயம் போய்விட்டது என்று நினைத்துவிடாதே. பத்து வருஷத் தவணை அக்கா. மாதம் பிறந்தால் சம்பளத்தில் பாதிக்கும் மேல் அங்கே போகும். எனக்கு ஒன்று ஆனால்? இவருக்கு ஒன்று ஆனால்? காப்பீட்டுக் காகிதத்தை மூன்று முறை படித்துவிட்டேன். மாடியில் நின்றால் மரங்களுக்கு நடுவே கடல் தெரிகிறது. எல்லோரும் அழகு என்கிறார்கள். எவ்வளவு உயரத்தில் இருக்கிறோம் என்றுதான் நான் கேட்கிறேன். யாருக்கும் சரியாகத் தெரியவில்லை.

போன சனிக்கிழமை காலை, வீட்டைக் கூட்டிக் கழுவ நான் மட்டும் போயிருந்தேன். பின்னறையில் துடைப்பத்தோடு குனிந்திருக்கிறேன். ஜன்னல் கம்பி கடகடவென்று சத்தம் போட்டது. தரை என் காலுக்குக் கீழே ஒரு பக்கமாக நழுவுவதுபோல இருந்தது. இந்தத் தீவில் இது புதிதா? ஆனாலும் சொந்த வீட்டுக்குள் நின்று அதை உணர்வது வேறு மாதிரி இருக்கிறது. செருப்புகூடப் போடாமல் ஓடினேன். ரோட்டில் போய் நின்றேன். பக்கத்து வீட்டுத் தெலுங்குக்கார அம்மாவும் வந்து நின்றாள். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டோம். அவள் பெயர்கூட எனக்குத் தெரியாது. கடலையே பார்த்துக்கொண்டிருந்தோம். நீர் உள்வாங்குகிறதா, இல்லையா? கச்சாலில் அன்று காலை நீயும் இப்படித்தான் பார்த்தாயா? இத்தனை வருஷத்தில் நான் அதை உன்னிடம் கேட்டதே இல்லை. கேட்கப் பயந்தேன்.

ஒன்றும் ஆகவில்லை. கடல் அப்படியே கிடந்தது. போனில் எச்சரிக்கை எதுவும் இல்லை. அந்த அம்மா, "சலோ, ஹோ கயா", சரி, முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டு, கையை விடுவித்துக்கொண்டு உள்ளே போனாள். அவள் அடுப்பில் ஏதோ தீய்ந்த வாசனை வந்தது.

நான் வாசலில் நின்றேன். கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே பாதி கூட்டின தரை. வீட்டைப் பார்த்தேன், சுவரில் விரிசல் இருக்கிறதா என்று. குவார்ட்டர்ஸுக்கே திரும்பிப் போய்விடலாமா என்றிருந்தது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அப்புறம் உள்ளே போனேன், அக்கா. துடைப்பத்தைத் தேடி எடுத்து, விட்ட இடத்திலிருந்து கூட்ட ஆரம்பித்தேன்.

உனக்கு ஒரு வார்த்தை தருகிறேன். பயப்பட மாட்டேன் என்று என்னால் சொல்ல முடியாது. சொன்னால் நீ சிரிப்பாய். இந்த வீட்டிலிருந்து நான் இன்னும் எத்தனை தடவை வெறுங்காலோடு வெளியே ஓடப்போகிறேனோ. எத்தனை தடவை ஓடினாலும், அத்தனை தடவையும் உள்ளே திரும்பி வருவேன்.

இப்படிக்கு,
உனக்கு வேண்டாம் என்று சொன்ன, தனக்கு வேண்டும் என்று வாங்கிய
உன் தங்கச்சி
விஜயா